கன்னித் தெய்வத்தின் பெயர்

மாசி 10, ஞாயிறு

தாத்தாவின் அப்பாவுக்கு ஒரு தங்கை. கல்யாணமாகும் முன்பே செத்துப்போனவள். இன்றும் எங்கள் வீட்டுக் கன்னித் தெய்வம் அவள்தான். வருஷத்துக்கு ஒரு சிவப்புச் சேலை ஓலைப்பெட்டியில் வைக்கிறோம். வேறு நிறம் அவளுக்குப் பிடிக்காதாம்.

வம்சாவளியில் எழுத அவள் பெயர் வேண்டும். வெயிலில் விளாத்திகுளம் போய்ப் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"கன்னின்னுதான் சொல்லுவாவ."

"பேருன்னு ஒண்ணு இருந்திருக்கும்லா, பெரியம்மா?"

"இருந்திருக்கும். பாதியில போனவ பேர எந்தப் பிள்ளைக்கு வைப்பாவ? ஏட்டி, வச்சாத்தான பேரு நிக்கும்."

அவளுடைய அண்ணன்காரன் பெயர் என் அப்பாவுக்கு வந்தது. இப்போது தம்பி மகனுக்கும் அதுதான்.

கால் வலிக்கிறது. தாளில் அவள் கட்டம் மட்டும் காலி. ரொம்ப நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், சிவப்பு என்று எழுதினேன்.