ஐந்தாம் தொட்டிக்குள் யாரும் இறங்கவில்லை

யட்டவத்த,
07.07.2025

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் சுகம். என் ஃபோன் மட்டும் உம்மாவின் அலுமாரிக்குள் சிறை. நீங்கள் கப்பல்களைச் சோதித்து எழுதுகிற மாதிரியே, றஹீமா மாமியின் பள்ளிக்கூட வேனுக்கு நான் ஒரு நிலை அறிக்கை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். "அடித்தகடு: ரோட்டை ரசிக்கலாம். எஞ்சின்: நாள்பட்ட இருமல். முடிவு: வேன் வேண்டாம்." மாமி வீடு தேடி வந்து, "இவட வாய இப்பவே தச்சு வைங்க" என்றார். உம்மா தைக்கவில்லை, ஃபோனைப் பிடுங்கினார். லெப்டொப் உங்கள் அறிக்கையை டைப் பண்ண மட்டும்.

நீங்கள் கோல் எடுத்தாலும் உம்மா பக்கத்திலேயே நிற்கிறார். இது உம்மா கேட்கக் கூடாத விஷயம். ஆகவே பக்கத்து வீட்டு நளீம் நானா தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறியில் திருகோணமலைக்கு வரும்போது இதைக் கையில் தருவார்.

'புளூ ஓர்கிட்' கப்பலின் குறிப்பும் படங்களும் வந்தன. இருபத்தேழு வயதுக் கப்பல், என்னைவிடப் பதினொரு வயது மூப்பு. உம்மா என்னைத் துருதுரு என்பார். அது வெறும் துரு. சீமெந்து ஏற்ற ஒரு வருட வாடகைக்கு அதை எடுக்கலாமா என்று கம்பனி உங்களைத்தானே கேட்கிறது? ஐந்தாம் தொட்டிக்கு, அதுதான் எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் கடல்நீர் நிரப்புகிற தொட்டிக்கு, ஐந்துக்கு நான்கு புள்ளி போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் படத்தின் மூலையில் உங்கள் சப்பாத்து தெரிகிறது வாப்பா. அதன் நுனியில் ஐந்து சிவப்பு நகம்.

போன வருடம் நீங்கள் தூங்கும்போது நான் நெயில் பொலிஷால் வரைந்த நகங்கள். கப்பல்காரர்கள் சிரிக்கும் வரை உங்களுக்குத் தெரியவேயில்லை. அந்தச் சப்பாத்தை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே குப்பையில் போட்டீர்கள். பிறகு அது எப்படிப் போன கிழமை தொட்டிக்குள் இறங்கியது? நீங்கள் தகட்டில் சோக்கால் திகதி எழுதாமல் படம் எடுக்கவே மாட்டீர்கள். இந்தப் படத்தில் அந்த இடத்தை மட்டும் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

படங்கள் மாறிப்போயிருந்தால் சரியானதை அனுப்புங்கள். மாறவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

உங்கள்,
ஜெஸ்லா

*

திருகோணமலை,
09.07.2025

அன்பு மகள் ஜெஸ்லாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். றஹீமாவிடம் மன்னிப்புக் கேள். வேன் பழசுதான், ஆனால் அதில்தான் நீ பள்ளிக்குப் போகிறாய்.

படம் பழையதுதான், போன வருடம் இதே தொட்டிக்குள் எடுத்தது. அந்தத் தொட்டிக்குள் நாற்பத்திரண்டு படி, செங்குத்து ஏணி. நோன்பு காலத்திலிருந்து என் வலது முழங்கால் மடங்குவதில்லை. ஆறாவது படியில் நின்றுவிட்டேன். கீழே விழுந்தால் தூக்கிவர ஆளில்லை, திரும்பி மேலே ஏறிவிட்டேன். மற்ற எல்லா இடமும் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் எழுதினேன். போன வருடம் நன்றாக இருந்த இரும்பு ஒரு வருடத்தில் எவ்வளவு கெட்டுவிடும்? கப்பலின் சான்றிதழ்கள் எல்லாம் சரி.

என்னால் இறங்க முடியாது என்று வெளியே தெரிந்தால் இந்தத் துறைமுகத்தில் யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். உம்மாவுக்கும் சொல்லாதே, பயந்துவிடுவாள்.

நல்ல பிள்ளையாக வெள்ளிக்கிழமைக்குள் டைப் பண்ணி, வழக்கம்போல் லெப்டொப்பில் இருக்கும் என் கையெழுத்தை வைத்துக் கம்பனிக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
வாப்பா

*

யட்டவத்த,
11.07.2025

வாப்பா,

நேற்று எல்கடுவையிலிருந்து மார்கிரட் அக்கா வந்தார், கூட அவர் மகள், என் வகுப்பு ஜூலியட்டும். கையில் வீட்டில் செய்த கேக். நீங்கள் சொல்லிவிட்டதால்தான் ரஜீவ் அண்ணாவுக்கு அந்தக் கப்பலில் எஞ்சின் அறை வேலை கிடைத்ததாம். 'புளூ ஓர்கிட்'டில். இதை எனக்கு நீங்கள் எழுதவில்லை.

"ஐயா புண்ணியத்துல எம்மவன் தேயிலக் காட்ட விட்டுப் போறான்ங்க," என்றார் மார்கிரட் அக்கா.

"பழைய கப்பலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"பழசா இருந்தா என்னா? ஐயா ஏறி எறங்கிப் பாத்துட்டாருல்ல. அது போதும்ங்க."

ஜூலியட் என் காதில், "ஒங்க வாப்பா பாத்தா கடல்ல ஓட்ட இருந்தாலும் கண்டுபிடிப்பாரு, என்னாடி?" என்றாள். கையில் இருந்த கேக் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன்.

ஆறு படி வாப்பா. மிச்சம் முப்பத்தாறு. அந்த முப்பத்தாறு படிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தொட்டிச் சுவரின் மற்றப் பக்கத்தில் நிற்கப்போகிற ரஜீவ் அண்ணாவுக்கும் தெரியாது. அறிக்கை என்றால் அறிந்து எழுதும் கை என்று நான் நினைத்திருந்தேன். நீங்கள் கையை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். முழங்கால் வலி குற்றமா? இல்லை. "முடியவில்லை" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் கம்பனி வேறு ஆளை இறக்கியிருக்கும். ரோட்டில் ஓடுகிற வேனைக் கிண்டல் பண்ணியதற்கு எனக்குத் தண்டனை. பார்க்காத தொட்டிக்கு நான்கு புள்ளி போட்டவருக்குக் கேக்.

நான் அனுப்பிவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி இல்லை. ஐந்தாம் தொட்டியின் புள்ளியை அழித்துவிட்டு, படத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்: "இது சென்ற வருடப் படம். இந்த வருடம் ஐந்தாம் தொட்டிக்குள் யாரும் இறங்கவில்லை." அதன் கீழே உங்கள் கையெழுத்தை வைத்தேன்.

இது பகிடி இல்லை. உங்கள் பெயரில் நான் எழுதியது பிழை, தெரியும். அதற்கு அடித்தாலும் வாங்குவேன். எழுதின விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஜெஸ்லா

*

யட்டவத்த,
18.07.2025

வாப்பா,

நளீம் நானாவின் லொறி இரண்டு தடவை வந்துபோனது. இரண்டு தடவையும் வெறுங்கை. "என்னமோ தெரியா, ஒன்ட பேரச் சொன்னதும் எழும்பி வெளியே போயிட்டாரு," என்கிறார். உம்மாவிடம் கோலில் பேசுகிறீர்கள், என்னைக் கேட்பதில்லை.

நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தொட்டியைப் பார்த்தார்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். ரஜீவ் அண்ணா ஒன்றாம் திகதி போகிறார். ஜூலியட்டின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெஸ்லா

*

திருகோணமலை,
24.07.2025

மகள் ஜெஸ்லாவுக்கு,

இரண்டு கிழமை எழுதவில்லை. எழுதினால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

கம்பனி கொழும்பிலிருந்து ஒரு பொடியனை அனுப்பியது. உன் நளீம் நானாவின் வயதுதான் இருக்கும். நேற்று அவன் தொட்டிக்குள் இறங்கினான். நான் மேலே தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கீழே தட்டினான், நல்ல சத்தம். இன்னொரு தட்டு, அதுவும் நல்ல சத்தம். எஞ்சின் அறைப் பக்கம் போனான். அங்கே சத்தம் வரவில்லை. "சேர், சுத்தியல் உள்ளுக்கு போயிட்டு," என்றான். தகட்டுக்குள் சுத்தியலின் தலை முழுதாகப் போயிருந்தது. அவன் அதை இழுத்து எடுத்ததும் அந்த ஓட்டையால் எஞ்சின் அறை வெளிச்சம் தெரிந்ததாம். மேலே இருந்த எனக்கு அது தெரியவில்லை. அவன் சொல்லித்தான் தெரியும்.

கப்பலை வாடகைக்கு எடுக்கவில்லை. அது வந்த வழியே திரும்புகிறது. ரஜீவுக்கு வேலை இல்லை. எனக்கும் இனி இந்தக் கம்பனியிடம் வேலை இல்லை. முழங்காலைப் பற்றி உம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அழுதாள், பிறகு ஏசினாள்.

என் பெயரில் நீ எழுதியதை நான் இன்னும் பொறுத்துக்கொள்ளவில்லை. பொறுக்க நாளாகும். இனி என் கையெழுத்தைத் தொடாதே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நேராக எல்கடுவைக்குப் போய் மார்கிரட்டிடமும் ரஜீவிடமும் நானே சொல்வேன். நீ வரக்கூடாது. ஜூலியட்டிடமும் நீ வாய் திறக்காதே. அவர்கள் கோபப்பட்டால் அது என்மேல் விழட்டும்.

அறிக்கை போன மறுநாளே கம்பனியிலிருந்து பேசினார்கள். படத்துக்குக் கீழே இருக்கிற அந்த இரண்டு வரியை யார் எழுதியது, பிழையாக வந்ததா என்று கேட்டார்கள். வாயில் வந்தது வேறு. சொன்னது, நான்தான் எழுதினேன் என்று.

வாப்பா