பச்சை விளக்கு எரிந்தது

நாள் 212 — 10:20
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் சுடலைமுத்து, செவ்வாய் இரண்டாம் நிலையத்தின் பராமரிப்பாளன். இங்கே இரண்டே பேர். மற்றவர் தவச்செல்வி, நாற்பது கிலோமீட்டர் தள்ளித் துளையிடும் கூடாரத்தில் இருக்கிறார். பழைய ரவுட்டர் சூடேறிச் செத்துப்போனது. குப்பைக் குழியில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். பச்சை விளக்கு எரிகிறது. பூமியிலிருந்து மின்னஞ்சலும் வருகிறது.

இன்று சரஸ்வதி பூஜை. எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். நாளைக் காலை வரை எதையும் தொடுவதில்லை; எங்கள் வீட்டு வழக்கம்.

18:05
தவச்செல்வி ரேடியோவில்: "அண்ணே, பொதுக் கோப்புறை சரியாயிட்டா? விடியறதுக்கு முன்ன கெளம்புதேன். புயல் வரைபடம் அதுலதான வரும்."

"சரியாயிட்டு தங்கச்சி, வா. சுண்டல் எடுத்து வச்சிருக்கேன்."

திறந்து பார்க்கவில்லை. பச்சை விளக்கு போதும் என்று நினைத்தேன்.

நாள் 213 — 06:15
வெளியே புயல். ரேடியோவில் இரைச்சல் மட்டும்; கோப்புறை மட்டும் செயற்கைக்கோள் வழி. அவர் 04:30-க்குக் கிளம்பியிருப்பார். வண்டியில் ஐந்து மணி நேர மூச்சுக் காற்று.

கோப்புறையைத் திறந்தேன். 'கிடைக்கவில்லை.' அப்படியானால் வண்டித் திரை நேற்றுக் காலை வரைபடத்தையே காட்டும். அதில் வானம் சுத்தம்.

07:40
கேபிள், கடவுச்சொல், அனுமதிகள், எல்லாம் பார்த்தாயிற்று. போய்த் தேட இன்னொரு வண்டி இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

09:10
பிடிபட்டது. புது ரவுட்டர் வேறு முகவரி வரிசை கொடுக்கிறது. கோப்புறை இருக்கும் சேமிப்புப் பெட்டி பழைய முகவரியிலேயே உட்கார்ந்திருக்கிறது. தெருப் பெயரை மாற்றிவிட்டு வீட்டுக்காரருக்குச் சொல்லாத கதை. பழைய எண் எனக்குத் தெரியாது. கவச உடையோடு குப்பைக் குழிக்குப் போகிறேன்.

09:52
பழைய ரவுட்டரின் அடியில் மார்க்கரில் அந்த எண். தவச்செல்வி கையெழுத்து. பக்கத்திலேயே: 'இத மாத்திராதீங்கண்ணே.' கழற்றும்போது ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

புது ரவுட்டரில் அந்த எண்ணைப் போட்டேன். கோப்புறை திறந்தது. வண்டியில் தேங்கியிருந்த பன்னிரண்டு குறிப்புகள் வரிசையாக வந்து விழுந்தன.

05:14: "வரைபடம் தெளிவா இருக்கு, வெளிய ஒண்ணும் தெரியல. நின்னுட்டேன்."

07:02: "அண்ணே, எந்தப் பக்கம் திரும்பணும்னு ஒரு கோடு போட்டு வைங்க. போதும்."

09:31: "நீங்க சரியாயிட்டுன்னீங்களே."

அதற்குப் பிறகு இல்லை.

10:04
வரைபடத்தில் கோடு போட்டு வைத்தேன். நிலையத்திலிருந்து ஆறே கிலோமீட்டரில் நிற்கிறார். என் கவச உடையில் காற்று ஒரு மணி நேரம்தான்; இந்தப் புயலில் நடந்து போய்ச் சேர முடியாது. 'பெறப்பட்டது' என்றது திரை. வண்டி தானாகச் சொல்லும் பதில் அது. ஆள் வேண்டியதில்லை.

11:30
வண்டி நகரவில்லை.

16:20
நகரவில்லை. குங்குமத்தைத் துடைத்துவிட்டேன். விளக்கு பச்சையாகவே எரிகிறது. நான் பொய் சொன்னேன். யாரும் கேட்காமலே எழுதி வைக்கிறேன்: பொய்.

கோப்புறையில் இன்னொரு குறிப்பு போட்டேன். அதற்கும் 'பெறப்பட்டது' வந்தது.

"இப்ப நெசமாவே சரியாயிட்டு தங்கச்சி. வா."