ஒட்டகத்தின் மதிப்பெண்கள்

மார்ச் 3
விடுதி, அறை 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. பரீட்சை முடியும்வரை கைபேசிகளைப் பூட்டி வைத்துவிட்டார்கள். அதனால் என் கோழிக்கிறுக்கலைச் சகித்துக்கொள்.

நீ அனுப்பிய முந்நூறு பதில்களுக்கும் மதிப்பெண் போட்டாயிற்று. சொன்னதைப் புரிந்துகொண்டு இணையத்தில் தானாகவே வேலை முடித்துத் தரும் என்றாயே, அந்த மென்பொருள் முகவர் பெரிய ஆள்தான்! 'டாக்டர்கிட்ட நேரம் வாங்கிக் கொடு' என்று ஒருவர் கேட்டால், சுவர்க் கடிகாரம் வாங்கப் போயிருக்கிறது. ஐந்துக்கு ஒன்று. அதுவும் என்னைச் சிரிக்க வைத்ததற்காக. முகமே இல்லாததற்கு முகவர் என்று பெயர் வைத்த புண்ணியவான் யார்?

நீ கேட்ட இரண்டாவது ஆளும் முடித்துவிட்டான். என் வகுப்புத் தோழன். கழுத்து நீளம் என்பதால் ஒட்டகம். யாரோடும் ஒட்டாத ஒட்டகம். என் தாளை அவன் பார்க்கவில்லை, அவன் தாளை நான் பார்க்கவில்லை. இரண்டு கட்டும் இத்துடன்.

உன் தொல்லை,
தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

டேய், சாதித்துவிட்டாய்! நீயும் ஒட்டகமும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு இடங்களில் ஒரே மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு பேர் ஒத்துப்போனால்தான் எங்கள் துறையில் முடிவை நம்புவார்கள். பாராட்டவே தெரியாத என் நெறியாளர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வச்சே உனக்கு வேலை வாங்கிடலாம்மா" என்றார். இருபத்தாறாம் தேதி ஆராய்ச்சிக்கூடத்தில் நேர்காணல். இருப்பது ஒரே ஓர் இடம். ஐந்து வருஷமாக நான் கண் வைத்திருந்த நாற்காலி அது.

ஒட்டகத்தின் முழுப்பெயரும் கையெழுத்தும் வேண்டும். இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். இதழுக்கு அனுப்பியிருக்கும் ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் 'ஒட்டகம்' என்று அச்சடித்தால் என்னை மிருகக்காட்சிசாலைக்குத்தான் அனுப்புவார்கள்.

ஒழுங்காகச் சாப்பிடு. அம்மாவுக்கும் நாலு வரி எழுதேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

நலம். படிவம் ஐந்து நாளாகத் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. ஒரு நல்ல பெயரும் யோசித்தேன். கையெழுத்துகூடப் பழகிப் பார்த்தேன்.

ஒட்டகம் என்று யாருமே இல்லை, அக்கா.

பரீட்சை என்று எல்லோரும் நழுவிவிட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டாவது கட்டையும் இடது கையால் நானே போட்டேன். சந்தேகம் வரக்கூடாது என்று ஒன்பது இடத்தில் மட்டும் என்னோடு நானே சண்டை போட்டேன். அப்போது அது பெரிய கில்லாடித்தனமாகத் தெரிந்தது.

நீ சொன்னால் அந்தப் பெயரை எழுதி அனுப்புகிறேன். யாருக்கும் தெரியாது. என்ன செய்யட்டும்?

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

உன் கடிதம் நேர்காணலன்று காலையில் வந்தது. பையில் வைத்துக்கொண்டே உள்ளே போனேன். குழுத் தலைவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ரெண்டு பேரும் எப்படிம்மா இவ்வளவு ஒத்துப்போனாங்க?"

"ரெண்டு பேர் இல்ல சார். ஒருத்தர்தான். என் தம்பி."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். கூட வந்திருந்த என் நெறியாளர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "எப்பத் தெரியும்?" என்று கேட்டார். "இன்னைக்குக் காலையில" என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. முந்நூறையும் முன்பின் தெரியாத ஆட்களிடம் கொடுத்து மறுபடி செய்ய வேண்டும். வீட்டு ஆளை நம்பி இறங்கியது என் தப்பு. அதை அவர்களிடமும் சொன்னேன்.

திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் கடிதம் 'நலம்' என்று ஆரம்பிக்கிறது. அந்த ஒரு வார்த்தையை நம்பலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கொஞ்ச நாள் எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்று மட்டும்.

நலமில்லை. கணக்குப் பரீட்சையில் பாதித் தாளை ஒன்றும் எழுதாமல் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் விடுதித் தொலைபேசியில் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவ சாப்பிட்டாளாடா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

சாப்பிட்டாயா?

தம்பி