நீ தோற்ற தேர்தல்கள்

மச்சான்,

லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் வயதான இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மா இன்று மத்தியானம் தொலைக்காட்சியைப் போட்டார். சிவப்பும் நீலமுமாக அமெரிக்க வரைபடம். சூப் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்று பார்த்தேன். நீ இருந்திருந்தால் அந்த நேரமே போன் எடுத்திருப்பாய்.

அமெரிக்கத் தேர்தல் என்றால் உனக்குப் பைத்தியம். மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டே பிரசங்கம் வைப்பாய். அவர்களது உள்நாட்டுப் போருக்குப் பிறகு அரை நூற்றாண்டு கிட்டத்தட்ட ஒரே கட்சிதான். மற்றக் கட்சியில் ஒரே ஒருவர் மட்டும் இரண்டு தடவை வென்றார். பின்னொரு காலம் பெரும் பொருளாதார வீழ்ச்சி வர, அந்த மற்றக் கட்சி ஐந்து தேர்தல்களைத் தொடர்ந்து வென்றது. "அப்ப தோத்தவை என்ன செய்தவை?" என்று கேட்டேன். "திரும்பவும் நிண்டவை. வேறை என்ன செய்யிறது?" என்றாய்.

நீயும் அப்படித்தான். இங்கே பலெர்மோவில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிக்கு ஒவ்வொரு முறையும் எனக்கு எதிராக நின்று தோற்றாய். கை தூக்கச் சொன்னால் உன் மனைவியே யோசித்துத்தான் தூக்குவார். அடுத்த கூட்டத்துக்கு எல்லாருக்கும் முன்னே வந்து குறுக்குக் கேள்வி கேட்பாய். எனக்கு எரிச்சல் வரும்.

நீ கண்ணை மூடினபின் ஒருவரும் எதிராக நிற்கவில்லை. ஏகமனது என்று கைதட்டுகிறார்கள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது மன்னார் ஆட்கள் தனிச் சங்கம் தொடங்கப் போகிறார்கள். பிள்ளைகளின் ஞாயிறு தமிழ் வகுப்பும் இரண்டாகும். இருக்கிற பிள்ளைகளே ஓர் அறையை நிரப்பக் காணாது. வகுப்பெடுக்கும் மன்னார்ப் பிள்ளையை வுச்சீரியாச் சந்தையில் கண்டேன். "நாங்கள் நிண்டு என்ன பிரயோசனம், அண்ணை? எப்பவும் நீங்கள்தானே," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

அந்த அரை நூற்றாண்டு ஆட்சி எப்படி முடிந்தது என்று ஒருநாள் நீயே சொன்னாய். "மற்றவை பலத்தாலை வெல்லேல்லையடா. வெண்டுகொண்டிருந்தவையே ரண்டாப் பிரிஞ்சு போச்சினம்."

சற்று முன் அந்த மன்னார்ப் பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"தலைவருக்கு நீர் நில்லும், பிள்ளை. உங்கடை ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"நீங்கள்?"

"நானும் நிப்பன்."

"யோசிச்சுச் சொல்லுறன், அண்ணை," என்றாள்.

அவர்கள் வந்தால் நான் தோற்பேன். தோற்றவன் கோபித்துக்கொண்டு போகாமல் இருந்தால்தான் சங்கம் மிஞ்சும். அதை உன்னிடம் கண்டிருக்கிறேன். ஆனால் பயமாக இருக்கிறது, மச்சான். தோற்ற அன்று வீட்டுக்குப் போய் நீ எப்படி இருந்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.