அப்பாவின் காரில் என் போன்

மார்ச் 3, ஞாயிறு

மாடியில் போனில் மாசாணத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் குரல் நின்றது. கீழே அப்பா காரைக் கிளப்பியிருக்கிறார். என் போன் வழக்கம்போல கார் புளூடூத்தோடு சேர்ந்துகொண்டது. "கல்யாணத்தப் பதிவு பண்றதுக்கு விசாரிச்சுட்டேன் நித்யா" என்று அவன் சொன்னது கார் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது.

அப்பா கத்தவில்லை.

"பையன் எந்த ஊருங்க அம்மணி?"

"ஆனைமலைங்கப்பா. எங்க ஆபீஸ்தான்."

"ஊரு சரி. எந்தத் தெரு?"

படிப்பைக் கேட்கவில்லை, குணத்தைக் கேட்கவில்லை. தெரு! பத்து நாட்டுக்கு பம்ப் ஏற்றுமதி செய்கிற மனிதர்.

மார்ச் 4

வேலைக்குப் போகக் கூடாதாம். அண்ணன் சபரீஷ் போனைப் பிடுங்கி, நான் எங்கே போனாலும் அவனுக்குக் காட்டுகிற மாதிரி லொகேஷனைப் போட்டுத் திருப்பித் தந்தான். "எதையாவது ஆஃப் பண்ணுனீன்னா போனே இருக்காது."

மார்ச் 9

அன்னூர் மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்களாம்.

அம்மா அழுகிறாள். "வீம்பு பண்ணாத கண்ணு. அப்பா என்ன பண்ணிப்போடுவாரோன்னு எனக்கே பயமா இருக்குது."

யாரை? என்னையா, அவனையா? ரயில் தண்டவாளத்தோரம் பிணம் என்று செய்தி வருமே —

மார்ச் 13

கிளம்புவதென்றால் நாளைக்குத்தான். விட்டால் இல்லை.

மார்ச் 14, உக்கடம், பஸ்ஸுக்குள்

ரவிக்கை வாங்கிவருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பாலக்காட்டில் அவன் நிற்கிறான். ஏறி உட்கார்ந்ததும் லொகேஷனை நிறுத்தினேன், வைஃபையையும். அறிவே இல்லை எனக்கு. கடைசியாகக் காட்டிய இடம் உக்கடம்தானே!

பயம் மறக்க இயர்பட்ஸில் பாட்டு. அதற்காக புளூடூத்தை மட்டும் விட்டுவைத்தேன்.

பாட்டு நின்றது.

திரையில் 'அப்பா கார்' — இணைந்துவிட்டது. பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். கார் ஸ்கிரீனிலும் என் பேர் வந்திருக்குமே! விரல் நகரமாட்டேங்குது. அவ்வளவுதான், முடிஞ்சுது —

அதுவாகவே துண்டித்துக்கொண்டது. சத்தியமாக நான் தொடவில்லை.

யாரும் ஏறவில்லை. பஸ் நகர்கிறது.

மார்ச் 20, பாலக்காடு

பழைய சிம்மை ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தேன். அண்ணன் அன்றைக்கே அனுப்பியிருக்கிறான்.

"கார் ஸ்கிரீன்ல உம் பேரு வந்துச்சு. அப்பா வேற பஸ்ஸுல தேடிட்டுத் திரும்பறதுக்குள்ள கனெக்சன அழிச்சுப்போட்டேன். மொதல்ல புளூடூத்த ஆஃப் பண்ணு, லூசு."