என் பேச்சுக்காகக் கொடுத்த ரத்தம்

திருப்புலி நாடு
11.02.2024

அன்புள்ள தேன்மொழி,

நலம். பெங்களூரில் நீயும் நலம்தானே? இங்கே மலையில் மிளகு பறித்து முடிந்தது.

ஆராய்ச்சிக்கு வந்தபோது, நுரையீரலின் மூச்சுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் புரதம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறியிருக்கும், என் குழந்தை ஏன் மூச்சுவிட முடியாமல் இறந்தது என்று அதில் தெரியும் என்றாய். அதை நம்பித்தான் ரத்தம் எடுக்க உன்னை வீடு வீடாகக் கூட்டிப்போனேன். பாவாயி அத்தை, "நீ சொல்றதால குடுக்கறேன் கண்ணு" என்று கையை நீட்டினார்.

என் ரத்தமும் என் வீட்டுக்காரர் ரத்தமும் என்ன சொல்கின்றன? இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்படுகிறோம். இங்கே சிக்னல் கிடைப்பதில்லை, எழுதிப் போடு.

அன்புடன்,
அம்சவேணி

பெங்களூரு
26.02.2024

அன்பு அம்சா,

முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் உனக்குத்தான். மனதைக் குழப்பிக்கொள்ளாதே, தைரியமாகப் பெற்றுக்கொள்.

உன் தேன்

திருப்புலி நாடு
09.09.2024

தேன்மொழி,

எனக்கு ஆறாம் மாதம். பேளுக்குறிச்சிச் சந்தையில் இவருடைய மாமா சின்னுசாமி ஒரு பேப்பரை நீட்டினார். உன் படம், எங்கள் ஊர்ப் பெயர். பிள்ளையைப் பறிகொடுத்த தம்பதி இருவரிடமும் அந்தப் புரதத்தைக் கெடுக்கும் மாற்றம் இருக்கிறதாம். அவர்களுக்கு இனிப் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்தாம். ஜனவரியிலேயே கண்டுபிடித்தோம் என்று சொல்லியிருக்கிறாய்.

நான் கேட்டது பிப்ரவரியில்.

என் நாத்தனார் கோகிலாவைப் பெண் கேட்டவர்கள், "ஏனுங்க, உங்க மலைப் பொண்ணுங்களுக்கு நுரையீரலே சரியில்லையாமே" என்று விலகிவிட்டார்கள். பாவாயி அத்தை என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்.

அம்சவேணி

பெங்களூரு
20.09.2024

அம்சா,

கட்டுரை வெளிவரும்வரை யாரிடமும் பேசக் கூடாது என்று எங்கள் ஆய்வகத்தில் சொன்னார்கள். அதற்குள் நீ உண்டாவாய் என்று நினைக்கவில்லை. நிருபரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னது என் தவறுதான். மன்னித்துவிடு.

பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தம் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொல்கிறாயா? ஆராய்ச்சிக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

தேன்

திருப்புலி நாடு
28.12.2024

தேன்மொழிக்கு,

சேலத்தில் பெண் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். அதுவரை வயிற்றில் அவள் அசையும்போதெல்லாம் எனக்குப் பயமாகவே இருந்தது. பாப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றே, முன்பின் தெரியாத ஒரு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்தார். "பாப்பாவுக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்துதான் அந்த மாற்றம் வந்திருக்கு. அவ மூச்சுக்கு ஒண்ணுமில்ல" என்றார். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டார்.

உனக்காக எதுவும் எடுத்துவைக்கச் சொல்லவில்லை. எங்களிடமிருந்து எடுத்துப்போன ரத்தத்தையும் இனித் தொடக் கூடாது என்று ஊரார் எழுதிக் கொடுத்ததை இதோடு அனுப்பியிருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது.

பிள்ளையைப் பார்க்கவும் வராதே.

அம்சவேணி