முதலிடம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அந்த இருமல் விட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன ஞாயிறு போனில் தங்கச்சியின் கணக்கு வகுப்பைப் பற்றிப் பேச்சு வந்ததும் "என்னைப் பண்ணின மாதிரி அவளையும் பண்ணிடாதம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். போனில் பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னவளுடைய வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பியதிலிருந்து ஆரம்பித்தது இது. மற்ற பிள்ளைகள் ஒரு மணி நேரம் போடுகிற கணக்கைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம், இவளுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை, வெளியில் எங்கேயாவது சேர்த்துவிடுங்கள் என்று இரண்டு விலாசம் கொடுத்தார். ஒன்று நீ போன அதே பயிற்சி மையம், இப்போது ஐந்து மாடி கட்டிவிட்டார்கள், அந்த லிஃப்டுக்கு ரிப்பேர் பார்ப்பதே அப்பாதான். இன்னொன்று நூலகத்து மாடியில் சனிக்கிழமை மதியம், நில அளவை ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு அம்மா நடத்துகிறார், ஆறே பிள்ளைகள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரே ஒரு கணக்கு, பரீட்சை கிடையாது. சர்டிபிகேட்டும் கிடையாது என்று கேட்டதுமே அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயிற்சி மையத்து நுழைவுத் தேர்வில் இருநூற்று நாற்பது பேரில் இவள் முதல். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை அப்பா போட்டோ எடுத்து ஒர்க்‌ஷாப் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

ஒரு மாதம் போய்ப் பார்க்கட்டும், பிறகு இடத்தை உறுதி செய்யலாம் என்றார்கள். வாரா வாரம் டெஸ்ட், ரேங்கைச் சத்தமாக வாசித்து அந்த வரிசையிலேயே உட்காரவைக்கிறார்கள். மூன்றாவது வாரம் அவள் நான்காவது பெஞ்சுக்குப் போனாள். அந்த வினாத்தாளை எட்டாக மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்ததை நான் துடைக்கும்போது பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைச் சுற்றித் தோலெல்லாம் கடித்து ரத்தம். கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு உன் நினைப்புதான் வந்தது. உனக்குப் பன்னிரண்டு வயதில், ஞாயிறு காலையில் டெஸ்டுக்குக் கிளம்புவதற்கு முன் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் இருப்பாய். தண்ணீர் சத்தத்துக்குள் நீ அழுவது எனக்குத் தெரியும். தெரிந்தும் துண்டோடு வெளியே நின்றேன், ஒரு நாளும் கதவைத் தட்டவில்லை. தட்டினால் இன்றைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டிவருமே என்ற பயம். பிறகு நீ கணக்கே வேண்டாம் என்றபோது சோம்பேறித்தனம் என்று நானும்தான் சொன்னேன். அது தப்பு, பெரியவனே. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

நீ போனை வைத்ததிலிருந்து எந்த வகுப்புமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேன். வியாழக்கிழமை துணி மடிக்கும்போது அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் செத்துவிட்டது. "அண்ணனுக்கு நடந்துச்சுன்னு என்கிட்டேருந்து கணக்கைப் புடுங்காதம்மா. எனக்கு எல்லார் முன்னாடியும் நம்பர் வாசிக்கிறதுதான் புடிக்கல" என்றாள். உன்னையும் நான் கேட்கவில்லை, அவளையும் கேட்காமலே தீர்மானித்திருக்கிறேன் பார். அதற்கு முந்தின சனிக்கிழமை நூலகத்து மாடிக்கு ஒரு தடவை கூட்டிப்போயிருந்தேன். ஏழு பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் சரியாக மூன்று பேரோடு கை குலுக்க வேண்டும், எப்படி என்று கேட்டார் அந்த அம்மா. இரண்டு மணி நேரமும் இவளுக்கு வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றவள், முடியவே முடியாதும்மா, ஒரு தடவை குலுக்கினா ரெண்டு கை, ஏழு மூணு இருபத்தொண்ணு, அது ஒத்தைப்படை என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது, அவள் முகம் முழுக்கப் புரிந்தது.

வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் பயிற்சி மையத்தில் இடத்தை உறுதி செய்ய வேண்டும். அப்பா காலையிலேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டு என் பைக்குள் வைத்துவிட்டார். நான் வேலை பார்க்கிற துணிக்கடையில் பெர்மிஷன் கேட்டுக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் இருபது பேர், அந்த இடத்துக்காகத் தவம் கிடக்கிறவர்கள். வேண்டாம் என்றதும் கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "ஃபர்ஸ்ட் வந்த பிள்ளைம்மா. அப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். எழுதினேன், தேதியைத் தப்பாகப் போட்டு அடித்துத் திருத்தினேன்.

நூலகத்து வகுப்பே போதும் என்று வீட்டில் சொன்னதும் அப்பா தட்டைத் தள்ளிவைத்தார். "என் கையெழுத்துக்கு அவ்வளவுதான் மதிப்பா?" என்றார். அப்போதுதான் உன் பாத்ரூம் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் டியூட்டிக்குப் போயிருப்பார், அவருக்கு இத்தனை நாள் தெரியவே தெரியாது. சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். நேற்று மதியம் தானே செருப்பை மாட்டிக்கொண்டு அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போய், முடிகிற வரைக்கும் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். கணக்கை வைத்து உள்ளே ஒரே சண்டை, அதில் நம்ம பிள்ளை சத்தம்தான் அதிகம் என்றார் வந்து. ஆறு மாதம் பார்க்கலாம் என்றார், என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது. நீ திட்டினாலும் சரி, மனதில் இருப்பதை அப்படியே எழுது. தங்கச்சிக்கும் தனியாக இரண்டு வரி எழுது, அறிவுரை வேண்டாம்.

கிரேனில் ஏறும்போது பெல்ட்டைப் போட்டுக்கொள், வெறும் வயிற்றோடு ஏறாதே. எங்கே இருந்தாலும் மனக்குறை இல்லாமல் இரு, நூறு வயது இரு. முடிக்கப் போகிறேன் என்றதும் அப்பா வந்து, "நல்லா இருக்கானான்னு நானும் கேட்டேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன் என்று சொல்லியும் போகாமல், என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்.

உன்
அம்மா